மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்தக் குழு ஒத்துவரும்?

அந்தி சாய்ந்தால் அம்மா புடவைகளை மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார். "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார். இருப்பதே கடலூர் மஞ்சக்குப்பத்தில், அவர் நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய வீட்டில்தான். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு மாதம் வாதாடினேன். தினமும் ஒருவர் அழுதோம்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற இந்த மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இருந்தும் எங்கள் தெருவில் இதைப் பற்றிப் பேச ஓர் ஆள் அகப்படவில்லை. "வயதானால் மறதி வரத்தானே செய்யும்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதனால் வெளியே தேடினேன். ஒரு வருடத்தில் மூன்று வகைக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

முதலாவது, புதுச்சேரியில் மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் கூடுவது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். கடலூரிலிருந்து 25 கிலோமீட்டர்கூட இல்லை; ஆனால் பஸ்ஸுக்கு நின்று, போய்த் திரும்ப அரை நாள் ஆகிவிடும். அந்த அரை நாள் அம்மாவுடன் யார் இருப்பது? கூடவே அழைத்து வரலாம் என்கிறார்கள். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் மூன்று முறை இறங்கப் பார்ப்பவரை அழைத்துப் போய்ப் பார்த்தால் தெரியும்.

ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். ரோடியர் மில்லில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி அங்கே வருவார். கணவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, "சங்கு ஊதிவிட்டது" என்று சட்டையை மாட்டுவாராம். மில்லையே மூடிவிட்டார்கள் என்று சொன்னால் கையை ஓங்குவார். இப்போது அந்த அம்மாள் ஒரு டம்ளர் டீயைக் கொடுத்து, "இன்றைக்கு உங்களுக்கு ராத்திரி ஷிப்ட்" என்கிறார். மனிதர் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலை அம்மா மூட்டையைத் தூக்கியபோது, முறத்தில் முருங்கைக்கீரையைக் கொட்டி, "இதை ஆய்ந்துவிட்டுக் கிளம்பலாம் அம்மா" என்றேன். இலை இலையாக உருவிக்கொண்டே இருந்தார். வீட்டுப் பேச்சு அன்று வரவில்லை.

இரண்டாவது, வாட்ஸ்அப் குழு. நேர்க்கூட்டத்துக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: இரவு இரண்டு மணிக்கும் யாராவது விழித்திருப்பார்கள். ஒரே நாளில் அம்மாவின் குழப்பம் தாறுமாறாகக் கூடியபோது, "சிறுநீர்ப் பரிசோதனை செய்தீர்களா?" என்று கேட்டது அங்கிருந்த ஒரு மருமகள்தான். மறுநாள் பார்த்தால் தொற்று. ஆனால் அதே குழுவில் லேகியம் விற்பவரும் இருக்கிறார், தூக்க மாத்திரை அட்டையைப் படம் எடுத்துப் போடுபவரும் இருக்கிறார். இது விளையாட்டில்லை. முதியவர்களுக்குத் தூக்க மாத்திரையால் குழப்பம் கூடும், கால் தடுமாறி விழவும் செய்வார்கள். லூயி பாடி வகை டிமென்ஷியாவில் மனநோய்க்கான சில மாத்திரைகள் உயிருக்கே உலை வைக்கும். அனுபவத்தை அங்கே கேட்கலாம். மருந்தை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்கு நடுவே, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நாமே உடைந்துபோகும் இரவுக்கு அது போதும். ஆனால் குழுவில் இருப்பதைப் போல, அடுத்த மாதம் அதே முகத்தைப் பார்க்க முடியாது.

மூன்றாவது, இணையவழிச் சந்திப்பு. மறதி நோயாளிகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவ 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. நிபுணர்கள் பேசுவதால் விவரம் சுத்தமாக இருக்கும். நான் உட்கார்ந்தவற்றில் ஆங்கிலம்தான் அதிகம்; கேமராவை அணைத்துவிட்டுச் சாதம் வடித்துக்கொண்டே கேட்டேன். எனக்கு ஒட்டவில்லை. துபாயில் இருக்கும் தம்பியைச் சேர்த்துவிட்டேன். "என்னிடம் நன்றாகத்தானே பேசுகிறார்" என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சொல்லிவந்தவன், நான்காவது சந்திப்புக்குப் பிறகு, "சனிக்கிழமை நீ புதுச்சேரி போகும்போது அம்மாவுடன் இருக்க ஓர் ஆள் வைத்துக்கொள், பணம் நான் அனுப்புகிறேன்" என்றான்.