அரிசி ஆலை: குடும்ப டிரஸ்ட்டா, பார்ட்னர்ஷிப்பா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு அரிசி ஆலை இருக்கிறது. பெரியவர்களுக்குப் பிறகு அதை எப்படி நடத்துவது என்று பேச்சு வந்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. மொத்தத்தையும் குடும்ப டிரஸ்ட்டில் வைக்கலாம், அதாவது பயனாளிகளான குடும்பத்தாருக்காக டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கலாம்; இல்லை, பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். நாங்கள் பார்ட்னர்ஷிப்புக்குப் போனோம். அதனால் இந்த அலசலில் நடுநிலையைத் தேட வேண்டாம்.

வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டர் சொல்வார். பார்ட்னர்ஷிப் கடனுக்கு நம் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பதும் தெரிந்ததே. எங்களைத் தீர்மானிக்க வைத்தது வேறு கேள்வி: தகராறு என்று வந்தால் கோர்ட்டில் நிற்க யாருக்குத் தகுதி?

இந்தத் தொழிலில் அரிசியைவிட பாக்கிதான் பெரிய சரக்கு. மண்டிக்காரருக்கும் கடன், தவிடு எடுக்கும் எண்ணெய் ஆலைக்கும் கடன். ஒருவர் கைவிரித்தால் வழக்குப் போட்டே ஆக வேண்டும். 1932ஆம் ஆண்டு கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) சட்டத்தின் 69ஆம் பிரிவு இங்கேதான் குறுக்கே வரும். பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்காக வெளியார் மேல் வழக்குப் போட முடியாது. பதிவு மட்டும் இருந்தாலும் போதாது. வழக்குப் போடும் நாளில் பார்ட்னராக இருப்பவர்களின் பெயர் பதிவாளரின் நிறுவனப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1989இல் உச்ச நீதிமன்றம் ஒரு நிதி நிறுவனத்தின் வழக்கை இதற்காகவே ஏற்கவில்லை. நிறுவனம் பதிவானதுதான், புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர் ஏறவில்லை. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. புதிதாகப் போடலாம் என்றால், அதற்குள் மூன்று வருடக் காலவரம்பு தாண்டியிருக்கலாம்.

பார்ட்னர்களுக்குள் சண்டை என்றாலும் இதே கதைதான். பெயர் ஏறாதவர் நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி, கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போது பத்திரப்படி தன் உரிமையைக் கேட்டு வழக்காட முடியாது.

ஆகவே பராமரிப்பு என்பது இதில் ஒரே வேலைதான். ஆள் சேர்ந்தாலும் விலகினாலும் இறந்தாலும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மாற்றத்தைப் பதிவு செய்து, சான்றிட்ட நகல் வாங்கி வைக்க வேண்டும். இன்னொன்று, இரண்டே பேர் இருந்து ஒருவர் இறந்தால், தொடர்ந்து நடத்தலாம் என்று பத்திரம் சொன்னாலும் நிறுவனம் கலைந்துவிடும். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தது அதற்காகத்தான்.

டிரஸ்ட்டில் இந்தப் பதிவேட்டுத் தொல்லை இல்லை. ஆனால் வழக்கு டிரஸ்டிகளின் பெயரில்தான் நடக்கும். 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்தே செயல்பட வேண்டும். ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் பாக்கி வசூல் என்னாவது? ஒரு டிரஸ்டி இறந்தால், பத்திரம் யாருக்கு அதிகாரம் தந்ததோ அவர் அடுத்தவரை எழுத்துமூலம் நியமிக்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் டிரஸ்ட்டை எழுதிவைத்தவரோ மிச்சமுள்ள டிரஸ்டிகளோ நியமிக்கலாம். அதுவும் நடக்காவிட்டால் பயனாளி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட வேண்டியதுதான். மத்தியஸ்தர் (ஆர்பிட்ரேட்டர்) வைத்து முடித்துக்கொள்ளலாம் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தாலும் செல்லாது. டிரஸ்ட் தகராறு மத்தியஸ்தத்துக்குப் போகாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பார்ட்னர்ஷிப்பில் அந்த வழி திறந்தே இருக்கிறது.

(நான் சொல்வது தனியார் டிரஸ்ட். நம் பக்கத்துக் கோயில் கட்டளைகள் வேறு கணக்கு. அங்கே பரம்பரை டிரஸ்டி யார் என்ற தகராறே முதலில் அறநிலையத் துறை இணை ஆணையரிடம்தான் போகும்.)

டிரஸ்டி நியமனச் சண்டையை நான் கிட்டத்தில் பார்த்தது உறவில் ஒரே ஒரு வீட்டில். அதை வைத்து எல்லா டிரஸ்ட்டும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆலைப் பக்கமே வராத அத்தைக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் டிரஸ்ட்தான் பாதுகாப்பு. பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பார்ட்னராக்க முடியாது, லாபத்தில் மட்டும்தான் சேர்க்கலாம்.

இதற்காக எங்கள் வக்கீல் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஆலை நிற்கும் இடத்தை மட்டும் டிரஸ்ட்டில் போட்டுவிட்டு, பார்ட்னர்ஷிப் அதற்கு வாடகை கொடுக்கட்டும், அத்தைக்கு மாதாமாதம் பணம் வரும் என்கிறார். இன்னும் செய்யவில்லை. செய்தால், அடுத்த டிரஸ்டியை யார் நியமிப்பது என்ற வரியைத்தான் முதலில் எழுதச் சொல்வேன்.