குன்னூர்லயே இறங்கிருங்க, ஊட்டி எங்கயும் ஓடிப்போகாது

ஊட்டிக்குப் போற முக்கால்வாசிப் பேரு குன்னூரை வண்டி ஜன்னல் வழியாத்தான் பாக்குறாங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட டிராஃபிக்ல கொஞ்ச நேரம் நின்னு, ஒரு டீயக் குடிச்சிட்டு மேல ஏறிடுறாங்க. எனக்கு அது ரொம்ப நாளாவே மனசு ஆறாத விஷயம். இந்தத் தடவை வீட்ல எல்லாரும் சேர்ந்து குன்னூர்லயே தங்கிட்டோம், ஊட்டிப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல, அம்மாவுக்கு அவ்ளோ சந்தோஷம்.

மேட்டுப்பாளையத்துல காலைல 7.10க்குக் கிளம்புற மலை ரயில்ல டிக்கெட் கிடைச்சா யோசிக்காம எடுத்துருங்க. கல்லார் தாண்டுனதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ஒரு இரும்புப் பட்டை ஆரம்பிக்கும், எஞ்சினோட பல்சக்கரம் அதைக் கவ்வித்தான் ஏறும், அதுவும் எஞ்சின் முன்னாடி இருந்து இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும். நடுவுல ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க நிக்கும், இறங்கி கால் நீட்டிக்கலாம், ஆனா கையில தின்பண்டம் இருந்தா குரங்கு பிடுங்கிரும், குழந்தைங்களைப் பாத்துக்கோங்க. இந்த லைன் 1899ல குன்னூர் வரைக்கும்தான் வந்துச்சு, ஊட்டிக்குப் போக 1908 ஆயிருச்சு. இன்னைக்கும் பல்சக்கரப் பாதை குன்னூரோட முடிஞ்சிருது, அதுக்கு மேல டீசல் எஞ்சின் மாத்திருவாங்க. அதனால நீராவி, சுரங்கம், பாலம்னு நீங்க ஆசைப்பட்டு வந்தது எல்லாமே பெரும்பாலும் குன்னூருக்குள்ளயே பாத்து முடிச்சிருவீங்க.

டிக்கெட் கிடைக்கலேன்னா கவர்மெண்ட் பஸ்ல வாங்க. சொந்த வண்டின்னா நீலகிரிக்குள்ள வர ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்துல இருந்து இருக்கு. ரோட்டுல வந்தா ஒரு லாபம், வழியில பர்லியார்ல இறங்கலாம். அங்க தோட்டக்கலைத் துறை பண்ணை இருக்கு, சீசன்ல மங்குஸ்தானும் துரியனும் ரோட்டோரக் கடைகள்லயே கிடைக்கும். மங்குஸ்தான் வாங்குறப்போ தோலை லேசா அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா வேண்டாம்.

சாப்பாடுன்னா கீழ்க் குன்னூர்தான், மார்க்கெட்டைச் சுத்தி நடந்தாலே போதும். மேல பக்கம் வியூவைக் காட்டி ஒரு சாண்ட்விச்சுக்கு ஒரு குடும்பச் சாப்பாட்டுக் காசு வாங்குற கஃபே ஒண்ணுல உக்காந்தோம், பேரு வேண்டாம், வியூ பிரமாதம், ஆனா வந்த ரொட்டி ஆறிப்போய் இருந்துச்சு. அதே நாள் சாயங்காலம் மார்க்கெட் பக்கத்து பேக்கரியில விறகு அடுப்புல போட்டு அப்பத்தான் வெளிய எடுத்த வர்க்கி கிடைச்சுது. மேல செவசெவன்னு, தொட்டாலே பொடிப்பொடியா உதிருது, உள்ள மடிப்பு மடிப்பா இருக்கு. சூடான டீயில பாதி முக்கி எடுத்தா வெளிப்பக்கம் ஊறி நடுவுல மட்டும் மொறுமொறுன்னு நிக்கும், அந்த நேரத்துல வாயில போட்டுரணும், பேச ஆரம்பிச்சீங்கன்னா டம்ளருக்குள்ள விழுந்துரும். எல்லாரும் ஊட்டி வர்க்கின்னு தேடிட்டுப் போறது இதுதான், குன்னூர்லயே அருமையாக் கிடைக்குது.

நாங்க தங்குன வீட்டு அக்கா நீலகிரியில வாழுற படகர் சமூகத்தைச் சேர்ந்தவங்க. ராத்திரி அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு குழம்பு, கூட ராகிக் களி. "கையிலயே சாப்பிடு கண்ணு, ஸ்பூன் எல்லாம் இதுக்கு ஆகாது"ன்னு பக்கத்துலயே நின்னு பரிமாறுனாங்க. வெளிய குளிர் அடிக்குது, உள்ள அந்தக் குழம்பு இறங்குது, இதுக்கு மேல என்னங்க வேணும். ஹோட்டல்கள்ல இது அவ்ளோ சுலபமாக் கிடைக்காது, அதனால தங்குற இடத்துலயே முன்கூட்டி கேட்டு வச்சிருங்க.

சிம்ஸ் பார்க் 1874ல ஆரம்பிச்சது. சரிவுலயே இறங்கி இறங்கிப் போற மாதிரி அமைச்சிருக்காங்க, அதனால வயசானவங்க மேல்பக்கமே உக்காந்துக்கிட்டா நல்லது, திரும்பி ஏறுறப்போ மூச்சு வாங்கும். ருத்ராட்ச மரத்தைத் தேடிப் பாருங்க. மே மாசம் பழக் கண்காட்சி இங்கதான் நடக்கும், பூங்கா அழகுதான், ஆனா கூட்டம் தாங்காது.

டால்பின் நோஸ் வியூ பாயிண்டுக்குக் காலைலயே போயிருங்க. வெயில் ஏற ஏற கீழ இருந்து மூடுபனி எழும்பி வந்துச்சுன்னா எதிர்ல இருக்குற கேத்தரின் அருவியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது, வெள்ளைச் சுவரைப் பாத்துட்டு வரணும். போற வழியில லேம்ஸ் ராக் இருக்கு, எனக்கு அதுதான் இன்னும் பிடிச்சுது, மரத்தடியில கொஞ்ச தூரம் நடந்து போனா சமவெளி மொத்தமும் விரிஞ்சு கிடக்கு. பாறை விளிம்புல நின்னு செல்ஃபி எடுக்குற வேலை மட்டும் வேண்டாம், தயவுசெஞ்சு.

தண்ணி பாட்டில் வீட்ல இருந்தே எடுத்துட்டு வாங்க, கடையில விக்கிற பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நீலகிரியில தடை.

டீத்தூள் வாங்காம திரும்பாதீங்க. டேன்டீ, இண்ட்கோசர்வ் கடைகள்ல வாங்குனா எனக்குத் திருப்தி. டேன்டீ இலங்கையில இருந்து தாயகம் திரும்புன தமிழர்களுக்கு வேலை குடுக்க அரசு ஆரம்பிச்சது, இண்ட்கோசர்வ் சிறு விவசாயிகளோட கூட்டுறவு ஃபேக்டரிகளுக்கானது, குடுக்குற காசு மலைக்காரங்களுக்கே போகுது. பால் ஊத்திக் குடிக்கிறவங்க டஸ்ட் வாங்குங்க. பால் இல்லாமக் குடிக்கிறவங்க ஆர்த்தடாக்ஸ் இலைன்னு, அதாவது பொடியாக்காம உருட்டிக் காயவச்ச டீ இலைன்னு கேட்டு வாங்குங்க, அதைப் போட்டுக் கொதிக்க விட்டுராதீங்க, வெந்நீர்ல போட்டு நாலு நிமிஷம் மூடி வச்சு வடிகட்டுனா போதும்.