மைதானமா, நூதனசாலையா: ஒரு பழைய கமெராவுக்கு எது முதலில்?

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைதான் எனக்கென்று மிஞ்சும். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்ததிலிருந்து அந்த இரண்டையும் கமெராவுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றில் பீடங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகள். மற்றதில் கண்டியைச் சுற்றியுள்ள நூதனசாலைகளும் சுவரோவியங்களும். புதிதாகக் கமெரா வாங்கும் தம்பி தங்கச்சிகள் என்னிடம் கேட்பது எப்போதும் ஒன்றைத்தான்: "அண்ணா, எதில தொடங்கினா நல்லம்?"

நூதனசாலையில் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். மைதானத்தில் சத்தம் இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், எடுத்த படத்தை அன்றிரவே பத்துப் பேர் கேட்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் என் பதில் மாறவில்லை.

முதலில் காசுக் கணக்கு. என்னிடம் இருப்பது இரண்டாங்கையாக வாங்கிய கேனன் 1300டி. அதோடு எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று. எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் போகும். மைதானத்துக்குப் போகும்போது தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் 55-250 மில்லிமீட்டர் சூம் லென்ஸை நண்பனிடம் இரவல் வாங்குவேன். அந்த லென்ஸை 250 வரை இழுத்தால் எஃப் 5.6ஐவிட அகலமாகத் திறக்காது. என் 50 வாங்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அதற்குள் போகும். இதை வைத்துக்கொண்டு மலைநாட்டுப் பின்னேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஹந்தானை மலைப் பக்கம் மேகம் கவிந்தால் மூன்று மணிக்கே மைதானம் மங்கிவிடும். ஓடும் காலும் வீசும் கையும் கலங்காமல் நிற்க ஷட்டர் 1/1000 நொடி வேகத்திலாவது இருக்க வேண்டும். அதற்காக, வெளிச்சத்தைக் கமெரா உணரும் அளவான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் இந்தப் பழைய கமெராவில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். ஹட்டன் டன்பார் மைதானம் இன்னும் கஷ்டம். பனிமூட்டம் இறங்கினால் ஃபோகஸ் பிடிக்க இடம் தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். வெள்ளை வானத்தைப் பார்த்துக் கமெரா ஏமாந்து ஆட்டக்காரர்களைக் கறுப்பாக்கும். அங்கே வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வைக்க வேண்டும்.

நூதனசாலையில் இருட்டு இதைவிட அதிகம். ஆனால் எதிரே இருப்பது ஓடாது. 1/50 வேகத்தில் மூச்சை அடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி எடுத்தால் போதும். வேறு லென்ஸ் தேவையில்லை.

ஃப்ளாஷ் இரண்டு இடத்திலும் வேண்டாம். மைதானத்தில் அது எட்டாது, எட்டினாலும் ஆட்டக்காரரின் கண்ணைக் கூசவைக்கும். நூதனசாலையில் காரணம் வேறு. துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றின் நிறம் வெளிச்சத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், போன நிறம் திரும்பாது. அதனால்தான் அவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழாமல் பல நாட்டு நூதனசாலைகளில் பார்த்துக்கொள்கிறார்கள். "ஃப்ளாஷ் எபா மல்லி" (ஃப்ளாஷ் வேண்டாம் தம்பி) என்று காவலர் சிங்களத்தில் சொன்னால் கோபிக்கக் கூடாது. படம் எடுக்க அனுமதி உண்டா, எந்த அறையில் கூடாது என்று வாசலிலேயே கேட்டுவிட்டால் அவரே பிறகு நல்ல இடம் காட்டுவார்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். நான் நூதனசாலைப் பக்கம் சாய்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஹந்தானைத் தேயிலை நூதனசாலை 1925இல் கட்டிய தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மாடிக்குக் காற்று வேண்டும் என்பதற்காக அன்று வரிசையாக வைத்த சன்னல்கள் இன்று படம் எடுக்கிறவனுக்குப் பெரிய உதவி. பக்கத்திலிருந்து வரும் அந்த வெளிச்சத்தில் பழைய இரும்பு இயந்திரங்களின் ஒவ்வொரு விளிம்பும் தனியாகத் தெரியும். காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை போய்ப் பாருங்கள், ஒரே இயந்திரம் இரண்டு பொருளாக நிற்கும். கண்டி தேசிய நூதனசாலை அரசர் காலத்து அரண்மனைக் கட்டடம். அங்கே வேலையைக் கெடுப்பது கண்ணாடிப் பெட்டிதான். வெள்ளைச் சட்டையோடு போனால் எல்லாப் படத்திலும் உங்கள் சட்டைதான் இருக்கும். கறுப்புச் சட்டை போடுங்கள். கண்ணாடியின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி இருந்தால் கண்ணாடிக்குச் சாய்வாக நில்லுங்கள், நேரே நின்றால் அது பயன்படாது. அரை அடி நகர்ந்தால் பிம்பமும் நகரும். மைதானத்தில் நான் ஓரிடத்தில் நிற்க, ஆட்டம் அசையும். இங்கே பொருள் நிற்க, நான் அசைய வேண்டும். நிற்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால்தான் வந்தது.

டியூப் விளக்கையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பழைய டியூப் விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னி அடங்கும். 1/50 அல்லது 1/100இல் எடுத்தால் நிறம் சீராக வரும். உள்ளரங்கில் 1/1000இல் எடுத்த கரப்பந்தாட்டப் படங்கள் ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை என்று வந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஓவியம் என்றால் கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயம். இலங்கை ஓவியர் டேவிட் பெய்ன்டர் 1928 முதல் 1933 வரை அங்கே தீட்டிய சுவரோவியங்களைப் படத்தில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல. பள்ளிக்கூட வளாகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். சுவரோவியத்தைக் கோணல் இல்லாமல் எடுப்பது மிகவும் கடினம், அதற்கே ஒரு நாள் ஒதுக்கலாம்.

சரி, மைதானம். நம் நாட்டின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் இரண்டு கம்பு நட்டு வலை கட்டினால் மைதானம். அதனால் எனக்கு இந்த ஆட்டத்தின் தாளம் தெரியும் என்று நம்பியிருந்தேன். போன வருடம் மகளிர் ஆட்டம் ஒன்று கடைசிப் புள்ளிக்கு வந்தது. பந்தை உயர்த்திக் கொடுத்தார்கள், எங்கள் பீடத்துத் தங்கச்சி ஒருத்தி எம்பினாள், நான் பட்டனை அழுத்திப் பிடித்தேன். என் கமெரா நொடிக்கு 3 படம்தான் எடுக்கும். பந்து கையில் படுவதோ நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம். முதல் படத்தில் அவள் தரையைவிட்டு எழுகிறாள், கை இன்னும் பின்னால் இருக்கிறது. அடுத்ததில் அவள் இறங்கிக்கொண்டிருக்கிறாள், பந்தைக் காணோம். ஆட்டம் முடிந்து வியர்வையோடு ஓடி வந்து, "அண்ணா, அந்தக் கடைசி அடி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுத்திப் பிடிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது உயர்த்திக் கொடுப்பவரின் விரலைப் பார்த்து, பந்து மேலேறும்போது மனதுக்குள் எண்ணி, ஒரே ஒரு தடவை அழுத்துகிறேன். நாலில் ஒன்று அமைகிறது.

ஆட்டக்காரிகளின் படத்தைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள். முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள், சம்மதித்தால் மட்டும் மற்றவர்களுக்கு.

கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருக்கிறது. பழைய லயன் வீடுகளையே நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே கொழுந்துக் கூடையை எடுத்தேன். பின்னலின் மேல் சன்னல் வெளிச்சம் விழுந்து அழகாக வந்திருந்தது. ஹட்டனுக்குப் போனபோது அப்பாயியிடம் காட்டினேன். ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கயிறு எங்கடா? தலையில மாட்டுற கயிறு இல்லாம இது கூடையா?" என்றார். அழகுக்காகக் கயிற்றை நான் படத்துக்கு வெளியே விட்டிருந்தேன். முப்பது வருடம் அந்தக் கயிறு இழுத்த இடத்தில் அப்பாயிக்கு இன்றும் முடி மெலிந்துதான் இருக்கிறது. அடுத்த மாதம் திரும்பவும் பஸ் ஏறினேன். கூடை அங்கேயே இருந்தது. இந்த முறை கயிற்றை மட்டும் எடுத்தேன். இரண்டு முனையும் சொரசொரப்பு. தலையில் பதியும் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, எண்ணெய் ஏறி, கறுத்துப் பளபளத்தது.

தொடங்குகிறவர்களை நூதனசாலைக்கு அனுப்புவதற்கு மீதிப் பாதிக் காரணம் இதுதான். அங்கே தவறு செய்தால் இன்னொரு பஸ் டிக்கெட் போதும். ஆறு மாதம் அப்படிப் போய் வந்துவிட்டு, அப்புறம் மைதானத்துக்கு வாருங்கள். லென்ஸுக்குக் காசு சேர்த்தால் முதலில் 50 வாங்குங்கள். வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க விட்டால் கரப்பந்தாட்டத்துக்கும் அதுவே போதும்.

வரும் சனிக்கிழமை அந்தத் தங்கச்சியின் அணி மறுபடி ஆடுகிறது. நடுவரிடம் கேட்டு, கம்பத்துக்கு இரண்டு அடி தள்ளி ஓர் இடம் வாங்கி வைத்திருக்கிறேன்.