காலின்ஸைக் கோமாளியாக்காத ஒலிநூல்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இல் வந்த நாவல். முழு நாவலையும் ஒரே பெண்மணி ஆங்கிலத்தில் வாசித்த ஒலிநூலை, இஸ்திரி போடும்போது கேட்கலாமே என்றுதான் வாங்கினேன். நாவலில் வரும் காலின்ஸ் பாதிரியார் பேச ஆரம்பித்ததும் இஸ்திரி நின்றுபோனது.

இந்த ஆளை மூக்கால் பேசவைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. இந்த வாசிப்பவரோ கணக்குப்பிள்ளை பேரேடு படிப்பதுபோல நிதானமாக வாசிக்கிறார். கதாநாயகி எலிசபெத்திடம் காலின்ஸ் கல்யாணப் பேச்சு எடுக்கும் இடத்தைக் கேளுங்கள். முதல் காரணம், பாதிரியார் கல்யாணம் செய்து ஊருக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டும். இரண்டாவது, தன் சந்தோஷம் கூடும். மூன்றாவது, தனக்குப் பாதிரியார் வேலை கொடுத்த சீமாட்டி லேடி கேத்தரின் கட்டிக்கொள்ளச் சொன்னார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமோ என்று மனுஷனுக்கு ஒரு சந்தேகம் வேறு! அப்புறம், பெண்ணுக்கு அம்மா காலத்துக்குப் பின் கிடைக்கப்போவது 4 சதவீத வட்டியில் கிடக்கும் 1,000 பவுண்டுதான் என்று எடுத்துச் சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு அதைப்பற்றி வாயே திறக்கமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கிறார். ஒரு இழையும் சிரிப்பில்லாத குரலில் கேட்கும்போதுதான் நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

லேடி கேத்தரினின் ரோசிங்ஸ் மாளிகையில் ஒரு கணப்படுப்பின் அலங்கார முகப்புக்கு மட்டும் 800 பவுண்டு ஆனதாம். தன் சொந்தச் சொத்துபோல காலின்ஸ் அதைச் சொல்லும் இடத்தில், தொகைக்கு முன்னால் வாசிப்பவர் ஒரு குட்டி மூச்சு விடுகிறார் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம்.

எலிசபெத் மறுத்த சூட்டோடு அவளுடைய தோழி சார்லட் லூகஸுடன் காலின்ஸுக்கு நிச்சயமாகிறது. சார்லட்டுக்கு 27 வயது, கையில் சீதனமும் பெரிதாக இல்லை. இங்கே வாசிப்பவரின் குரல் மாறுகிறது. கேலி காலின்ஸை விட்டு ஊருக்குத் திரும்புகிறது. கல்யாணத்துக்குப் பிறகு சார்லட், கணவர் அடிக்கடி எட்டிப்பார்க்காதபடி வீட்டின் பின்பக்க அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், தோட்டவேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்புகிறாள். சாமர்த்தியக்காரி.

குறை இல்லாமல் இல்லை. எலிசபெத்தின் அப்பா பென்னட் காலத்துக்குப் பின் அவர் சொத்து காலின்ஸுக்குத்தான்; அதனால் அவர் இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பார் என்று சார்லட்டின் அம்மா மனக்கணக்குப் போடும் வரியை வாசிப்பவர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார். நாவலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த விஷம் அது. திருமதி பென்னட்டுக்கோ ஒரே கீச்சுக் குரல். பெண்களைக் கரையேற்றும் கவலையே அதில் கேட்கவில்லை.

மாதிரி கேட்க முடிந்தால் முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு, காலின்ஸ் கல்யாணப் பேச்சு எடுக்கும் 19-ஐப் போடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் வாங்கவே வேண்டாம்.