காற்றோட்டமா, அடைப்பா: கிணற்றடி டிரைவ் பெட்டிகள் ஓர் ஒப்பீடு

கிணற்றடியில் கான்டாக்டரும் ரிலேயும் மட்டுமே கொண்ட பழைய ஸ்டார்டர் பெட்டி நின்ற காலத்தில், அதன் கதவு சரியாக மூடாவிட்டாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இப்போது அதே இடத்தில் சூரிய மின்பம்புக்கான டிரைவ், அதாவது சூரியத் தகட்டின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி, வந்து உட்கார்ந்திருக்கிறது. 5 எச்.பி. மோட்டாரை ஓட்டும் டிரைவ், தன் வழியே செல்லும் மின்சாரத்தில் ஏறத்தாழ 3 சதவீதத்தை, அதாவது 110 வாட் அளவை, வெப்பமாகவே வெளிவிடுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பகல் முழுவதும் எரியவிடுவதற்கு இது சமம். சூரிய பம்பு வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் முழு வேகத்தில் ஓடும் என்பதால், உள் வெப்பமும் வெளி வெப்பமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுகின்றன.

800 மி.மீ. உயரம், 600 மி.மீ. அகலம், 250 மி.மீ. ஆழம் கொண்ட இரும்புத் தகட்டுப் பெட்டியைச் சுவரில் மாட்டினால், வெப்பத்தை வெளியேற்ற உதவும் பரப்பு சுமார் 1.2 சதுர மீட்டர் கிடைக்கும். வர்ணம் பூசிய தகடு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 5.5 வாட் அளவே கடத்தும். கணக்கிட்டால், முற்றிலும் அடைத்த பெட்டியின் உள்ளே வெளிக்காற்றைவிட 17 டிகிரி கூடுதலாக இருக்கும். நிழலில் 40 டிகிரி என்றால் உள்ளே 57. பெரும்பாலான டிரைவ்கள் 40 அல்லது 50 டிகிரியைத் தாண்டினால் தம் திறனைக் குறைத்துக்கொள்ளும், அல்லது டிரிப் ஆகி நின்றுவிடும். நிற்பது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. உள்ளிருக்கும் மின்னாற்பகுப்பு கெப்பாசிட்டரின் ஆயுள், 10 டிகிரி ஏறும்தோறும் ஏறத்தாழப் பாதியாகிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரியாத தொல்லை.

இதற்குப் பலரும் முதலில் எண்ணும் தீர்வு, பக்கங்களில் சாய்வுத் துளைகளும் மேலே தொப்பிக் கூரையும் வைத்த காற்றோட்டப் பெட்டி. வானிலை நிலையங்களில் வெப்பமானியைக் காக்கும் வெள்ளைச் சாய்வுப் பலகைப் பெட்டியும் இதே கருத்தில் உருவானதுதான். கலங்கரை விளக்கப் பொறியாளரான தாமஸ் ஸ்டீவன்சன் 1864-இல் அதை வடிவமைத்தார். ஆனால், வெப்பமானியில் நாலு துளி தெறித்தால் ஒன்றும் ஆகிவிடாது. 400 வோல்ட் டெர்மினலில் தெறித்தால் கதை வேறு. பெட்டி தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதை ஐபி எண்கள் சொல்லும்; முதல் எண் தூசி போன்ற திடப்பொருளுக்கு, இரண்டாம் எண் நீருக்கு. இத்தகைய பெட்டிகளுக்குக் கிடைக்கும் ஐபி 23 தரத்தின் இரண்டாம் எண்ணுக்கு, செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்ந்து விழும் தூறலைத் தாங்கும் என்பதுதான் பொருள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கும் சாரல் அந்தக் கோணத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மழையைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம். பல்லியையும் குளவியையும் என்ன செய்வது? இரண்டு ஃபேஸ்களுக்குக் குறுக்கே கருகிக் கிடந்த பல்லியை நானே இடுக்கியால் எடுத்திருக்கிறேன். துளைகளுக்கு மெல்லிய வலை அடித்தால் பல்லி நிற்கும், தூசி படிந்து காற்றும் நிற்கும். ஆகவே காற்றோட்டப் பெட்டி பழைய கான்டாக்டர் ஸ்டார்டருக்குப் போதும்; டிரைவுக்கு ஆகாது.

ஃபேனும் பில்டரும் வைத்த ஐபி 54 பெட்டி காகிதத்தில் அழகாக இருக்கும். 110 வாட் வெப்பத்தை 5 டிகிரி ஏற்றத்துக்குள் அடக்க, மணிக்கு 70 கன மீட்டர் காற்றுப் போதும். கையகல ஃபேனே அதைத் தரும். ஃபேனைக் கீழே வைத்துப் பில்டர் வழியாகக் காற்றை உள்ளே தள்ள வேண்டும். மேலே வைத்து வெளியே இழுத்தால், கதவிடுக்கிலெல்லாம் புழுதி உள்ளே வரும். இதைச் சரியாகச் செய்தாலும், செம்மண் காட்டில் உழவு நடக்கும் பருவத்தில் பில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டிப் போட ஆள் வந்து போகிற இடங்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். வயலுக்கு அல்ல.

எல்லாவற்றையும் கேஸ்கெட் என்ற ரப்பர் பட்டை வைத்து அடைத்துவிடும் ஐபி 65 பெட்டிதான் பாதுகாப்பு என்ற நம்பிக்கையிலும் ஓட்டை உண்டு. பிற்பகலில் 60 டிகிரியில் இருக்கும் பெட்டியின்மேல் திடீர் மழை கொட்டி, உள்காற்று 25 டிகிரிக்கு இறங்கினால், உள்ளழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அது ஒரு மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்கு நிகர். ஐபி 65-இன் நீர்ச்சோதனை வெளியிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குகிறதா என்று மட்டுமே பார்க்கும்; பெட்டியே தண்ணீரை உறிஞ்சினால் என்ன ஆகும் என்று பார்ப்பதில்லை. கேஸ்கெட்டின் மூலையிலோ, கேபிள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டுக்குள் கேபிளின் இழைகளுக்கு நடுவிலோ ஈரம் நுழைந்துவிடும். நுழைந்தது வெளியேற வழி இருக்காது. அத்தகைய பெட்டியைத் திறந்தால், கதவின் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளிகளும், அடித்தகட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத் துருக்கோடும் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் செய்தவர்கள் இதை எப்போதோ உணர்ந்து, எண்ணெய்த் தொட்டி மூச்சு விடுவதற்கென்றே சிலிக்கா ஜெல் குடுவையை மாட்டினார்கள். நீல மணிகள் ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சிறு பெட்டிக்கு அந்த வேலையை, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த மூச்சுத் திருகு ஒன்று செய்துவிடும்.

என் தேர்வு, அடைத்த பெட்டியில், டிரைவின் வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் துடுப்புத் தொகுதியான ஹீட் சிங்க்கை மட்டும் பின்தகட்டுக்கு வெளியே நீட்டிவைக்கும் அமைப்பு. வெப்பத்தின் பெரும்பகுதி உள்ளே நுழையாமலே வெளிக்காற்றுக்குப் போய்விடும். நனைந்தால் கெடாத அலுமினியத் துடுப்புகள்மேல் மழை விழுந்தால் இன்னும் குளிரும். தரைமட்ட மோட்டார்கள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன: சுருள் அடைத்த கூட்டுக்குள், துடுப்பும் விசிறியும் வெளியே. துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும், சுவருக்கும் அவற்றுக்கும் இடைவெளி வேண்டும், வெட்டிய துளையைச் சுற்றி கேஸ்கெட் ஒழுங்காக உட்கார வேண்டும். இதற்கு இடம் தராத டிரைவ் மாடல்களும் உண்டு என்பதே இதன் முதன்மையான குறை. பேனல் ஏ.சி. வயலுக்குப் பொருந்தாது, அது குடிக்கும் மின்சாரமும் கேட்கும் பராமரிப்பும் பம்பு வேலைக்கு மிகை.

எந்தப் பெட்டியை வாங்கினாலும், மேற்புறத்திலும் மேற்குப் பக்கத்திலும் இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஒரு வெள்ளைத் தகட்டை நிழலாகக் கட்டுவதற்கு இணையான மலிவான வைத்தியம் இல்லை. அடர்சாம்பல் வர்ணம் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் விழுங்கும். வெள்ளை இரண்டு, மூன்று பங்கோடு நிறுத்திக்கொள்ளும். நாலு மணி வெயில் மேற்குத் தகட்டில் இறக்கும் வெப்பம் டிரைவ் வெளிவிடுவதைவிட அதிகமாகக்கூட இருக்கும். கேபிள்களைப் பெட்டியின் அடியிலிருந்தே நுழைக்க வேண்டும். நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்தால், கேபிள் வழியாக ஓடிவரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.