பார்கின்சன் நடைக்கு எந்தச் சோதனை? ஸ்டாப்வாட்சா, சுற்றிக் காட்டுவதா?

பார்கின்சன் உள்ளவர்களின் நடையைச் சோதிக்க முறைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஒன்றில் தெரிவது இன்னொன்றில் தெரியாது, அதனால் எதற்காகச் சோதிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வேகம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் பத்து மீட்டர் நடை போதும். கிளம்பும்போதும் நிற்கப் போகும்போதும் வேகம் மாறும் என்பதால் பெரும்பாலும் நடுவில் உள்ள 6 மீட்டருக்குத்தான் நேரம் எடுப்பார்கள். எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறார் என்பதற்கு ஆறு நிமிட நடை.

1991-இல் வெளியான டைம்டு அப் அண்ட் கோ இதைவிட ஒரு படி மேல்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதியவர்களுக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் எழுவது, நடப்பது, திரும்புவது எல்லாம் ஒரே எண்ணில் கலந்துவிடுகிறது, தாமதம் எங்கே என்று அந்த எண் சொல்லாது. அதனால் கடிகாரத்தைவிடக் காலைப் பாருங்கள் என்பேன். சட்டென்று திரும்புகிறாரா, அல்லது குட்டிக் குட்டி அடியாக வைத்து மெல்லச் சுற்றி வருகிறாரா?

சரி, கால் உறைந்து நிற்பதை எப்படிப் பிடிப்பது? வீட்டில் வாசற்படியில் அசையாமல் நின்றுவிடுபவர் டாக்டர் முன்னால் கவனமாக, நன்றாகவே நடந்து காட்டிவிடுவார், குடும்பத்தார் சொல்வதை அங்கே நம்ப ஆளிருக்காது. இதற்கு நான் முதலிடம் தருவது, நின்ற இடத்திலேயே வேகமாக ஒரு முழுச் சுற்று சுற்றச் சொல்வதற்குத்தான், வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் நடுங்குவது பலருக்கு இதில்தான் வெளிப்படும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் கட்டாயம் ஓர் ஆள் வேண்டும். இதிலும் தெரியாவிட்டால், கவனம் நடையிலிருந்து விலகுவதற்காக 100-லிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொல்லலாம்.

சமநிலைக்குத் தோளைப் பின்னால் இழுத்துப் பார்க்கும் சோதனை நொடியில் முடிந்துவிடும், ஆனால் இழுக்கும் பலம் ஆளுக்கு ஆள் மாறும். நேரம் இருந்தால் 28 மதிப்பெண்ணுக்கான மினி பெஸ்டெஸ்ட் என்ற சமநிலைச் சோதனை நல்லது. சமநிலையை அளக்கும் இன்னொரு முறையான பெர்க் அளவுகோலில் லேசான பாதிப்பு உள்ளவர்கள் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள், அதனால் அவர்களின் குறை அதில் தெரியாது.

அப்புறம், எந்தச் சோதனையானாலும் கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மருந்து வேலை செய்யும்போது எடுத்த எண்ணையும் அதன் வேகம் இறங்கிய பிறகு எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோகிறார்கள் பலர்.