பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் ஒரு வெனீர் அழுத்தி: நான்கு ஆண்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மேசைப் பலகைக்கு வெனீர் (அலங்காரத்துக்கு ஒட்டும் மெல்லிய மரத்தகடு) ஒட்டினேன். சுற்றிலும் சி-கிளாம்ப், மேலே இரண்டு தடிமனான பலகை, அதற்கும் மேலே கைக்குக் கிடைத்த பாரம் எல்லாம். மறுநாள் பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கல் மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில் நகத்தால் தட்டினால் மட்டும் டொக் டொக். கிளாம்பின் பிடி ஓரத்தோடு நின்றுவிட்டது. அந்த எரிச்சலில்தான் வெற்றிடப் பை அழுத்தி செய்ய இறங்கினேன். சின்னதும் பெரியதுமாக இதுவரை அறுபது பலகையாவது அதில் ஒட்டியிருப்பேன்.

நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வெனீர் வைத்த பலகையை ஒரு பைக்குள் போட்டு மூடி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சிவிட்டால் அந்த அழுத்தம் முழுவதும் பலகைமேல் இறங்கும். கேஜ் (வெற்றிடத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் மானி) 25 அங்குலம் காட்டும்போது 2க்கு 4 அடிப் பலகைமேல் ஆறு டன்னுக்கு மேல் பாரம். மூலை, நடு என்ற வேறுபாடே கிடையாது. எவ்வளவு பெரிய பம்ப் போட்டாலும் காற்றின் எடையைத் தாண்டி அழுத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பம்ப் சீக்கிரம் உறிஞ்சும், அவ்வளவுதான். நான் முதலில் இதைப் புரிந்துகொள்ளாமல் பம்பைப் பற்றியே மாதக்கணக்கில் யோசித்தேன். பையைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

பம்ப் என்பது ஒரு பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசர். அதை நீங்களே வெட்டி எடுக்காதீர்கள். உள்ளே வாயு இருக்கும். ஆர்600ஏ போட்ட ஃபிரிட்ஜாக இருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. மெக்கானிக்கை வைத்து முறையாக வாயுவை எடுத்த பிறகே என் கைக்கு வந்தது. சத்தம் குறைவு, 25 அங்குலத்தையும் எளிதாகத் தொடும். ஆனால் இரண்டு குணம் உண்டு. வெளியேற்றும் குழாயில் எண்ணெயைத் துப்பும். அங்கே ஒரு பாட்டிலைக் கட்டியிருக்கிறேன், அவ்வப்போது எண்ணெய் அளவையும் சரிபார்க்க வேண்டும். இன்னொன்று சூடு. திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் அதன் மோட்டாரைக் குளிர்விக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வெற்றிடத்தில் அந்த வாயு ஏது? முதல் மாதம் மணிக்கணக்கில் ஓடவிட்டேன், தொட்டால் கை சுட்டது.

அதனால் ஒரு வெற்றிட சுவிட்ச், காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, 4 அங்குல பி.வி.சி. குழாயின் இரு முனையிலும் மூடி ஒட்டிச் செய்த இரண்டு தொட்டிகள் என்று சேர்த்தேன். 25 அங்குலத்தில் பம்ப் நிற்கும், 21க்கு இறங்கினால் மறுபடி ஓடும். தட்டையான வெனீருக்கு 21 தாராளம். இங்கே ஒரு சிக்கல் வந்தது: நின்ற கம்ப்ரசர் மறுபடி கிளம்பாமல் உறுமிவிட்டுத் தானாக அணைந்தது. ஒருபுறம் வெற்றிடம், மறுபுறம் வெளிக்காற்று என்று இருந்தால் அதற்குத் தொடக்க இழுவை போதாது. பம்புக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள குட்டிக் குழாயில், பம்ப் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் காற்றை உள்ளே விடும்படி மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சொலினாய்டு வால்வு வைத்ததும் தீர்ந்தது. வேலை நடுவே கரண்ட் போன இரண்டு தடவையும் தொட்டியும் வால்வும்தான் பலகையைக் காப்பாற்றின.

கம்ப்ரசர் மெதுவானது என்பதால், பையில் உள்ள பெரும்பகுதிக் காற்றை முதலில் வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுவேன். பை சுருங்கிப் பலகையோடு ஒட்டியதும் கம்ப்ரசருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஆண்டு ஆனது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி பை. முதலில் தடித்த பாலிதீன் ஷீட்டை மடித்து ஒட்டினேன். நாலாவது தடவையே மூலைகளில் ஊசிப் பொத்தல். அப்புறம் 0.75 மி.மீ. வினைல், ஓரங்களுக்கு வினைல் பசை. இரண்டு ஆண்டு நன்றாக உழைத்தது. பிறகு விறைத்து, மடிப்புகளில் வெடிக்க ஆரம்பித்தது. இப்போது இருப்பது பாலியூரித்தேன். இழுத்தால் நீளும், வளைவான வேலைக்கு அருமை. முதலிலேயே இதற்குச் செலவழித்திருக்க வேண்டும்.

கசிவு தேடுவது தனிக் கலை. சைக்கிள் டியூபுக்குச் செய்வதுபோல சோப்பு நீர் தடவினால் பயனில்லை, நுரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மெல்ல நகர்த்துவேன். உஸ்ஸென்று கேட்கும் இடம்தான் திருடன். பெரும்பாலும் திருகு மரையிலோ (டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்று) பையின் வாயில் விழுந்த சுருக்கத்திலோ இருப்பான்.

பைக்குள் அடியில், சன்மைக்கா ஒட்டிய எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை. அதில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய காடி (பள்ளம்) போட்டிருக்கிறேன், காற்று எல்லா மூலையிலிருந்தும் வெளியேற. அதன் முனைகளை நன்றாக உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பை கிழியும். வெனீர்மேல் வைக்கும் பலகை வேலையின் அளவுக்குச் சரியாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த நீட்டலைக் காற்று வளைத்து முறித்துவிடும்.

ஆறு டன் என்பது விளையாட்டல்ல என்று எனக்கு உணர்த்தியது ஒரு வளைந்த கதவு. அதற்கான அச்சை விலா எலும்பு மாதிரி இடைவெளி விட்டுச் செய்திருந்தேன். கேஜ் 18ஐத் தாண்டும்போது துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். அச்சு, வெனீர், இரண்டு நாள் உழைப்பு எல்லாம் சப்பையாகிவிட்டது. அதன்பின் வளைவு அச்சுகளை எம்.டி.எஃப். துண்டுகளை அடுக்கி உள்ளே இடைவெளியே இல்லாமல் செய்கிறேன். வளைவு வேலைக்குப் பைக்குள் 21க்கு மேல் போவதும் இல்லை.

பசை விஷயத்தில் நிறையத் தவறினேன். வெள்ளைப் பசை பைக்குள் காற்றில் உலராது, அதிலுள்ள நீர் மரத்துக்குள்தான் போகவேண்டும். எடுத்தவுடன் பலகையைத் தரையில் படுக்க வைத்தேன். காலையில் அது படகு மாதிரி வளைந்திருந்தது. இருபுறமும் வெனீர் ஒட்டி, இருபுறமும் காற்றுப் படும்படி ஓரிரு நாள் நிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பசையைப் பலகையில் மட்டும் தடவ வேண்டும், வெனீரில் தடவினால் சுருண்டுகொள்ளும். முடிச்சு நிறைந்த, நுண்துளையுள்ள வெனீரில் பசை மேலே ஊறி வந்து எல்லாவற்றையும் ஒட்டிவிடும். வெனீருக்கும் மேல்பலகைக்கும் நடுவே ஒரு பாலிதீன் ஷீட் கட்டாயம். வளைவுகளுக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் என் தேர்வு. வெள்ளைப் பசைபோல நாளடைவில் நழுவாது. பொடியைக் கலக்கும்போது முகமூடி போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு எப்போதாவது ஒரு குமிழி வரத்தான் செய்கிறது. வெள்ளைப் பசை என்றால் ரேகை போகும் திசையில் பிளேடால் கீறி, ஒரு துளி பசை விட்டு, மிதமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் அமர்ந்துவிடும்.

போன வாரத்திலிருந்து பம்ப் அடிக்கடி ஓடுகிறது. நேற்று இரவு ரப்பர் குழாயைக் காதில் வைத்து அரை மணி நேரம் தடவிப் பார்த்தேன்; மரை, பையின் வாய் எதிலும் சத்தமில்லை. நான்-ரிட்டர்ன் வால்வின் மேல்தான் இப்போது சந்தேகம்.